பீரங்கி வெள்ளி சேர்த்தவர்

அவர் வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் வியாழக்கிழமை காலை மண்ணெண்ணெய் வாடை அடித்தால், நகராண்மைக் கழகத்துக் கொசு மருந்துக்காரர் இரண்டு வீடு தள்ளி வந்துவிட்டார் என்று அர்த்தம். முதுகில் தகரத் தொட்டி, கையில் பித்தளைக் குழாய், முழங்கால்வரை சுருட்டிவிட்ட காக்கிக் கால்சட்டை. தேங்கிய தண்ணீரில் மருந்தை அடித்துவிட்டு, அது பல நிறமாகப் பரவுவதைச் சற்று நேரம் நின்று பார்ப்பார். பிறகு பின்கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, தொட்டித் தண்ணிய மூடி வைங்க" என்பார். ஆள் கொஞ்சம் பழகியவராக இருந்தால் இன்னொன்றும் கேட்பார்.

"வீட்டுல பழைய வெள்ளி ஏதும் கெடக்கா?"

எங்கள் ஊர்த் தமிழில் அன்றைய டாலரும் வெள்ளிதான், இன்றைய ரிங்கிட்டும் வெள்ளிதான். கடைக்காரர் காகித நோட்டைத்தான் 'அஞ்சு வெள்ளி' என்று கேட்பார். இவர் கேட்டது நிஜமான வெள்ளியை. ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்தில் மெக்சிக்கோவிலும் பெருவிலும் அடித்து, கப்பலில் மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து மலாக்கா வரைக்கும் புழங்கிய பெரிய காசு. ஒரு பக்கம் ராஜா முகம். மறுபக்கம் கேடயம், அதன் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். அந்தத் தூண்களைப் பீரங்கி என்று எடுத்துக்கொண்ட மலாய்க்காரர்கள் அதை 'ரிங்கிட் மெரியாம்' என்றார்கள். இவர் பீரங்கி வெள்ளி என்பார். ஜப்பான்காரன் காலத்தில் கால்வாய்ச் சேற்றை வாரும்போது முதல் காசு அவர் மண்வெட்டியில் மாட்டியதாம். அன்று பிடித்த ஆசை அது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. யாரைப் பற்றிய பேச்சானாலும், 'அவங்க வீட்டுல கேட்டுட்டுப் பேசுங்க' என்று சொல்லும் மனிதர் அவர். இப்போது போய்க் கேட்பதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை.

கொசு மருந்துக்காரர் என்பதால் எல்லா வீட்டுக் கொல்லையும் அவருக்குத் திறந்திருந்தது. சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, கடலோரத்துப் போர்த்துகீசியர் வீடு, எங்களுக்கு அடுத்திருந்த செட்டிகள் கம்போங் என்னும் மலாக்கா செட்டிகள் குடியிருப்பு. எந்த வீட்டில் எந்தப் பெட்டியின் அடியில் காசு கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். சீனக் கடைக்காரர்கள் அந்தக் காலத்தில் வெள்ளி நல்லதுதானா என்று பார்த்து முத்திரை குத்திய காசு, ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிய காசு, வளையம் பற்றவைத்துப் பொத்தானாக்கிய காசு, எல்லாமே அவருக்கு வேண்டும். வெள்ளி நிறுத்து நகைக்கடைக்காரர் கொடுக்கும் விலையைவிடக் கொஞ்சம் கூடவே கொடுப்பார். ஆனால் காசைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கும். "வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

சும்மா ஒப்புக்குக் கேட்பதில்லை. வீட்டில் இன்னொருவர் வந்து பக்கத்தில் நின்று 'ஆமாம், விக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

செட்டிகள் கம்போங்கில் ஒரு வீட்டுக்கு இதற்காகவே ஒரு வருடத்துக்கும் மேலாக நடந்தார். அவர்கள் கும்பிடுவது நம் சாமிகளை, பேசுவது மலாய். அந்த வீட்டுப் பெரியவரிடம் தேய்மானமே இல்லாத ஒரு காசு இருந்தது. பெரியவருக்கு விற்கச் சம்மதம். இவர்தான், "உங்க தம்பிங்ககிட்ட கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். ஒரு தம்பி சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். கடைசியில் அவர்கள் வீட்டுப் படையல் நாளில் எல்லோரும் கூடினார்கள். இவரையும் அழைத்து உட்கார வைத்தார்கள். சாப்பாடு போட்டு, தேங்காய்ப் பூரணம் வைத்த பலகாரம் கொடுத்து, ஒரு மணி நேரம் தங்களுக்குள் பேசிவிட்டு, பெரியவர் வந்து, "மாஃப் லா அண்ணே, தாக் ஜாடி ஜுவால்" என்றாராம். மன்னிக்கணும், விற்கிறதாக இல்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னொரு பலகாரம் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு."

வருத்தமே இல்லையா என்று கேட்டதற்கு, வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாலத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ரப்பர் தோட்டத்துப் பெண். மாமனார் ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். கணவர் பேருந்து நிறுவனத்தில் டிக்கெட் பரிசோதகர். மாமி வீட்டை ஆண்டாள். கெட்டவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை அவள் சொன்னதுதான். எனக்கோ ஆசிரியையாக வேண்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதில் சேரக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு. கேட்டால் கிடைக்காது என்று நானே முடிவு செய்து, கேட்காமல் இருந்தேன்.

என் டிரங்குப் பெட்டியில் ஒரு பீரங்கி வெள்ளி இருந்தது. அம்மா கல்யாணத்தன்று என் கையில் வைத்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத்துக்கு வெளியே குடியிருந்த ஒரு மலாய்க்காரம்மா பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். அம்மா மூன்று மாதம் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள். பிழைத்தெழுந்த பிறகு அந்தம்மா தன் இடுப்புச் சங்கிலியிலிருந்து கழற்றிக் கொடுத்த காசு அது.

ஒரு வியாழக்கிழமை மாமி பசாருக்குப் போயிருந்தாள். காசை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன்.

"அண்ணே, இதுக்கு என்ன குடுப்பீங்க?"

விரல் நுனியால் மட்டும் புரட்டிப் பார்த்தார். "நல்ல காசு. ராஜா மூக்கு தேயவே இல்ல." முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இது எங்கம்மா எனக்குக் குடுத்தது."

"இருக்கட்டும் தங்கச்சி. சொல்லிட்டீங்களா?"

"சொன்னா விக்க விடமாட்டாங்க."

"அப்ப நான் வாங்க முடியாது."

எனக்கு ஆத்திரம் வந்தது. "நீங்க கால்வாயில மருந்து அடிக்க வந்தவரு. எனக்கு நியாயம் சொல்ல வந்தவரா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, பின்படியில் நின்றபடியே ஒரு விஷயத்தைச் சொன்னார். காசு சேர்க்க ஆரம்பித்த புதிதில், மலாய் பேசும் பாபா சீனர் வீட்டு மருமகள் ஒருத்தி கொல்லைக் கதவில் வந்து ஒரு காசை விற்றாளாம். எதற்கு, ஏன் என்று இவர் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், சமையல் வேலை செய்த அம்மாளைக் காணோம். சாமி மேடைக் காசைத் திருடிவிட்டாள் என்று துரத்திவிட்டார்கள். இவர் பதறிப்போய்க் காசை எடுத்துக்கொண்டு ஓடி, 'அவ எடுக்கல, இது நான் வாங்கினது' என்று வீட்டு எஜமானரிடம் கொடுத்திருக்கிறார். யாரிடம் வாங்கினாய் என்று கேட்டார்கள். சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மருமகளையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வேலைக்கார அம்மாளை ஜொகூர் வரைக்கும் தேடிப் பாத்தேன். கெடைக்கல" என்றார். "ஒரு காசுக்கு ரெண்டு பொம்பளைங்க வீதிக்கு வந்துட்டாங்க தங்கச்சி."

ஒரு வாரம் முழுக்க அதுவே என் மனத்தில் ஓடியது. அடுத்த வியாழக்கிழமை அவருக்காகக் காத்திருந்து சொன்னேன்.

"அண்ணே, நீங்க காசு வாங்கினதால அவங்க வீதிக்கு வரல. அந்த மருமக என்ன கஷ்டத்துல வித்தாளோ, அதை வாய் தொறந்து சொல்ல அந்த வீட்டுல இடம் இல்ல. நீங்க எல்லார்கிட்டயும் 'வீட்டுல சொல்லிட்டியா'ன்னு கேக்கறீங்க. சொல்ல முடிஞ்சவங்ககிட்டதான் அது நடக்கும்."

அவர் குழாயைப் பிடித்தபடி நின்றார். "அப்படியும் இருக்கும்போல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சில வாரங்கள் போயின. பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியை அறிவித்த நாள் அது. மாமனாரும் கணவரும் காலையிலேயே போய், கூட்டத்தில் நசுங்கித் திரும்பியிருந்தார்கள். சாயங்காலம் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, யார் யார் வந்திருந்தார்கள் என்று மாமிக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காப்பி கொண்டுவந்தேன். அப்போது முன்வாசலில் யாரோ இருமினார்கள். சலவைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு அவர் நின்றார். முன்பக்கமாக அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"யாரு?"

"கொசு மருந்து அடிக்கிறவன் ஐயா. ஒரு வெவரம் கேக்க வந்தேன்."

மாமனார் என்னவென்று கேட்பதற்குள் அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உங்ககிட்ட ஒரு பீரங்கி வெள்ளி இருக்கு இல்லீங்களா? அதை எனக்கு விக்கிறீங்களா?"

அந்த நிமிஷத்தில் அந்த மனிதரைப் பிடித்து அந்தக் கால்வாயிலேயே தள்ளிவிடலாம் போல இருந்தது.

"என்ன வெள்ளி? இவகிட்ட ஏது வெள்ளி?" என்றாள் மாமி.

மாமனார் எழுந்துவிட்டார். "நீ யாருய்யா, என் வீட்டுக்கு வந்து என் மருமககிட்ட வியாபாரம் பேச?"

"காசு அவங்களுது ஐயா. அதனால அவங்ககிட்ட கேக்கறேன். ஒளிச்சுக் கேக்கக்கூடாதுன்னு நீங்க எல்லாரும் இருக்கறப்ப கேக்கறேன்." வாசலை விட்டு அவர் நகரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தப்பிக்க வழி இல்லாததால் பேசினேன். அம்மா பால் கொடுத்த கதையைச் சொன்னேன். சனிக்கிழமை வகுப்பைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதைத்தானா இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது. மாமி, "படிச்சது போதாதா?" என்றாள். மாமனார் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். என் கணவர்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அத்தை குடுத்தது அவளுதுதானேப்பா. அவ இஷ்டம்."

அவ்வளவுதான் அவர் பேசியது. எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் அவர் எனக்காகச் சொன்ன வார்த்தைகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

கொசு மருந்துக்காரர் காசை வாங்கிக்கொண்டு பணத்தை என் கையில் வைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் சிகரெட் பெட்டியின் உள்காகிதத்தையும் எடுத்து, அம்மாவின் பெயரையும் அந்த மலாய்க்காரம்மாவின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு காசையும் அதன் வீட்டு விவரம் எழுதிய காகிதத்தில் சுற்றி வைப்பது அவர் வழக்கம். மாமி என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. நான் வகுப்பில் சேர்ந்தேன். தேர்வானதும் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதற்குள் நாடும் சுதந்திரம் பெற்றிருந்தது.

அதன்பிறகு அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். புதிதாகக் காசு கிடைத்தால் பள்ளி வேலியோரம் சைக்கிளை நிறுத்திக் காத்திருப்பார். ராஜா தலையைச் சுற்றி இருக்கும் எழுத்துகளை நான் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கும் அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதுவே அவருக்குத் திருப்தி.

ஒரு நாள் காசு இல்லாமல் வந்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வரணும்."

"என்ன விசேஷம் அண்ணே?"

"விசேஷம் இல்ல. வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு சொல்லணும். பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

விசாரித்தபோது நம்பவே முடியவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் 'எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா' என்று கேட்ட மனிதர், தன் மனைவியிடம் காசு சேர்ப்பதைச் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிகைநேர வேலைச் சம்பளத்தில் வாங்கியிருக்கிறார். அப்படி ஒரு சம்பளம் வருவதே அவளுக்குத் தெரியாது. காசுகளை ஓட்டை விழுந்த பழைய மருந்துத் தொட்டிக்குள் போட்டு, 'கவர்மெண்டு சாமான், விஷம், தொடாதே' என்று கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார்.

"எப்படி அண்ணே உங்களால முடிஞ்சது?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கறப்ப, இன்னைக்குப் போய்ச் சொல்லிடணும்னு நெனைப்பேன் டீச்சர். வீட்டுக்குப் போனா வாய் வராது."

அவர் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. ஓய்வு பெற்றால் நகராண்மைக் கழகக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று அவர் மனைவி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அதே கழகத்தில் புல் வெட்டுகிறவள். சேர்த்து வைத்ததெல்லாம் மூத்த மகள் கல்யாணத்தில் போய்விட்டது.

நான் போனபோது அவர் மனைவி, அந்த அக்கா, தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். சின்ன மகள், பதினாறு வயதிருக்கும், அரிசியை முகத்துக்கு வெகு அருகில் வைத்துக் கல் பொறுக்கினாள். அவர் தொட்டியை இழுத்து வந்து, காகிதப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாயில் வைத்தார்.

"என்னாது இது?"

"பழைய வெள்ளி. நான் சேர்த்தது."

"எத்தனை?"

"நாப்பத்தி மூணு."

"எத்தனை வருசமா?"

"பத்தொம்பது."

அக்கா நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டபடியே இருந்தார். கை நிற்கவில்லை. கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"சின்னவளுக்கு போர்டுல எழுத்து தெரியலைன்னு வாத்தியாரு சொல்லிவிட்டப்ப, கண்ணாடிக்குக் காசு இல்லைன்னு சொன்னீங்களே. அப்ப இதுல எத்தனை இருந்துச்சு?"

அவர் பொய் சொல்லவில்லை. "முப்பதுக்கு மேல இருந்துச்சு."

அந்தச் சின்ன மகள் நான்காம் வகுப்போடு நின்றுபோனவள். நான் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கவில்லை. ஆசிரியையான எனக்கு அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே கஷ்டமாக இருந்தது.

"டீச்சர்," என்றார் அக்கா, "போற எடமெல்லாம் இவரை நல்லவரு நல்லவருன்னு சொல்றாங்க. நல்லவருதான். ஊரு வீட்டுக்கெல்லாம்."

பிறகு நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு காசை எடுத்தார். "இது யாருது?" அவர் சொன்னார். அடுத்ததை எடுத்தார். "இது?" அதையும் சொன்னார். சாயங்காலம்வரை நாற்பத்து மூன்று வீட்டுக் கதையையும் அக்கா கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும், "வித்துடுங்க. வாங்கறவன் இங்க வரட்டும். நான் இருக்கணும்" என்றார்.

ஊரில் ஒரு சீனப் பல் டாக்டர் பழைய காசு சேர்ப்பவர். மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்று முன்பே கேட்டிருந்தார். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அவரோடு மலாயில் பேரம் பேசினார். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டவில்லை, இரண்டாவதற்கும் இல்லை. கடைசியில் படிந்தது. டாக்டர் காசுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, காகிதங்களை ஒதுக்கித் தள்ளினார். கொசு மருந்துக்காரர் குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"காகிதத்தையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எந்தக் காசு எந்தக் காகிதமோ அதுலயே சுத்தணும். இல்லேன்னா விக்கல."

டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நாற்பத்து மூன்றையும் கொசு மருந்துக்காரரே தன் கையால் சுற்றிக் கொடுத்தார். டாக்டரின் கார் போனதும் கொல்லைப்பக்கம் போய்விட்டார். எட்டிப் பார்த்தேன். கால்வாயோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பணத்தில் புக்கிட் ரம்பாயில் ஒரு பலகை வீடு வாங்கினார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, நாலு வாழை. குடிபோவதற்கு முன்பே சின்னவளுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. நான் பழைய பாடப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறை அங்கே போய்வந்தேன். கண்ணாடி வந்த பிறகு அவள் வேகமாகப் படித்தாள். ஆனால் திரும்பப் பள்ளிக்குப் போகும் வயது தாண்டிவிட்டது. பின்னாளில் தையல் கடை வைத்தாள். அப்பாவோடு அவள் பழையபடி பேசுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அக்காவும் கணவரோடு அதிகம் பேசாத காலம் அது. சோறு போடுவார், வேட்டி துவைப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவரும் வாயைத் திறந்து எதையும் கேட்பதில்லை.

ஒரு நாள் நான் கிளம்பும் நேரம், அவர் வெளியிலிருந்து வேகமாக வந்தார். முகம் வேர்த்திருந்தது. பின்வீட்டு மலாய்க்காரர் கிணற்றைத் தூர்வாரியபோது ஒரு பீரங்கி வெள்ளி கிடைத்திருக்கிறது. அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். விற்கச் சம்மதமாம். இதையெல்லாம் என்னிடம்தான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நான் கண்ணைக் காட்டியதும், மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்குகிறவர் போல மூச்சை இழுத்துக்கொண்டார்.

"உன்கிட்டதான் கேக்கறேன். ஒண்ணு வாங்கிக்கவா?"

அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். கொடியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடினார்.

"மொதல்ல காசைப் பாப்போம். வாங்க" என்றார்.

நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது, வாழைகளுக்கு நடுவிலிருந்த ஒற்றையடிப் பாதையில் அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் இரண்டடி பின்னால், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அக்கா ஒரு இடத்தில் நின்று, அவர் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார்.